(2, −3) ஏன் தீர்வு ஆகவில்லை?

கேள்வி:
3எக்ஸ் − 2ஒய் < 12 என்ற அசமன்பாட்டுக்கு (−1, 4), (2, −3), (4, 0) ஆகிய வரிசைச் சோடிகளில் எவை தீர்வு? (2, −3)-ஐப் பிரதியிட்டால் 6 − 6 = 0 வருகிறது. 0 < 12 சரிதானே? விடைக்குறிப்பில் (−1, 4) மட்டும்தான் இருக்கிறது.

பதில் 1:
குறை எண்ணை அடைப்புக்குறி இல்லாமல் போட்டிருக்கிறீர்கள், அதில் ஒரு கழித்தல் குறி தொலைந்துவிட்டது. 3(2) − 2(−3) என்று முழுதாக எழுதிவிட்டு அப்புறம் சுருக்குங்கள்: 6 + 6 = 12. 12 < 12 என்பது பொய், அதனால் தீர்வு இல்லை. குறி ≤ ஆக இருந்திருந்தால் இதே சோடி தீர்வாகியிருக்கும். (4, 0)-க்கும் 12தான் வருகிறது. (−1, 4)-க்கு −3 − 8 = −11, அது 12-ஐ விடச் சிறியது.

முதல் எண் எக்ஸ், இரண்டாவது ஒய். (2, −3)-ஐ மாற்றி (−3, 2) என்று போட்டால் −9 − 4 = −13 வந்து, தீர்வு போலத் தெரியும்.

பதில் 2:
சரிபார்க்கும்போது கொடுத்த வடிவத்திலேயே பிரதியிடுங்கள். ஒய்-ஐத் தனியாக்கினால் −2-ஆல் வகுக்க வேண்டியிருக்கும், அப்போது குறி திரும்பும்: ஒய் > 1.5எக்ஸ் − 6. திருப்ப மறந்தால் எல்லாம் தலைகீழ். (0, 0)-ஐப் போட்டால் உடனே மாட்டிக்கொள்ளும்: மூல வடிவத்தில் 0 < 12 உண்மை, திருப்பாத வடிவத்தில் 0 < −6 பொய்.

கேள்வி கேட்டவர்:
புரிந்தது, நன்றி. வரைபடம் போட்டுப் பார்த்தே சொல்லிவிடலாமா?

பதில் 3:
தூரத்தில் இருக்கும் புள்ளிகளுக்குச் சொல்லலாம். எல்லைக்கோடு, அதாவது 3எக்ஸ் − 2ஒய் = 12 என்ற கோடு, (4, 0), (0, −6) வழியாகப் போகிறது. உங்கள் (2, −3) அவ்விரண்டுக்கும் சரியாக நடுப்புள்ளி, கோட்டிலேயே கிடக்கிறது. குறி < என்பதால் அந்தக் கோட்டைத் தொடர்கோடாக இல்லாமல் இடைவெளி விட்டு விட்டு வரைய வேண்டும், அந்தக் கோட்டிலேயே இருக்கும் எந்தப் புள்ளியும் தீர்வில் சேராது. ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம்தான் தீர்வுப் பகுதி.

கோட்டை ஒட்டிய புள்ளிகளில் கண்ணை நம்ப முடியாது. (5, 1.4)-க்கு 15 − 2.8 = 12.2, தீர்வு இல்லை. (5, 1.6)-க்கு 11.8, தீர்வு. சிறிய படத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதாகத்தான் தெரியும், அங்கே பிரதியிட்டே ஆக வேண்டும்.