மலேசியாவில் ஒரு வாரம்: கிராப் டாக்சி போதுமா, கார் வாடகைக்கு எடுக்கலாமா?

கோவைப்பயணி (கேள்வி)

வணக்கம். மார்ச்சில் குடும்பத்தோடு மலேசியா போகிறோம். நான், மனைவி, அப்பா, அம்மா, 4 வயது மகள். கோலாலம்பூரில் 3 இரவு, கேமரன் மலையில் 2, பினாங்கில் 2. பெரிய பெட்டி 3, கைப்பெட்டி 2. அப்பாவுக்கு மூட்டுவலி, அதனால் பஸ் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

ஊரில் கார் ஓட்டுகிறேன், ஊட்டி, வால்பாறை ரோடெல்லாம் பழக்கம்தான். ஆனால் கியர் வண்டி மட்டுமே ஓட்டியிருக்கிறேன். விமான நிலையத்திலேயே கார் எடுத்து ஏழு நாளும் வைத்துக்கொள்வது நல்லதா, எல்லாவற்றுக்கும் டாக்சியே போதுமா? டோல், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரிங்லெட்66

மலேசியாவில்தான் இருக்கிறேன், பேராக் மாநிலம். ஏழு நாளுக்கும் ஒரே முடிவு எடுக்காதீர்கள். உங்கள் பயணத்தில் மூன்று துண்டு இருக்கிறது, மூன்றுக்கும் பதில் வேறு.

கோலாலம்பூரில் கார் வேண்டவே வேண்டாம். ஒற்றை வழிச் சாலைகளும் மேம்பாலப் பிரிவுகளும் புதியவர்களைத் திணறடிக்கும். ஒரு திருப்பம் தவறினால் அடுத்த டோல் தாண்டித்தான் திரும்பி வர முடியும். ஹோட்டல் பார்க்கிங்குக்கும் பெரும்பாலும் தனிக் கட்டணம். போன் செயலியில் கூப்பிடும் கிராப் டாக்சியில் 6 பேர் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். குழந்தையும் ஒரு ஆள்தான், நாலு பேர் வண்டியில் ஐந்தாவதாக மடியில் உட்கார வைக்க ஓட்டுநர் சம்மதிக்க மாட்டார். சம்மதிக்கவும் கூடாது. மாலை மழை பிடித்தால் கட்டணம் ஏறும், வண்டியும் கிடைக்காது. மாலை 5 முதல் 7.30 வரை வெளியே மாட்டிக்கொள்ளாதபடி திட்டம் போடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர எக்ஸ்பிரஸ் ரயில் பெரியவருக்கு 55 ரிங்கிட். உங்கள் குடும்பத்துக்கு 200 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். இறங்கும் இடமும் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம்தான், அங்கிருந்து ஹோட்டலுக்கு மறுபடி ஒரு டாக்சி. 6 பேர் கிராப் அதைவிடக் கணிசமாகக் குறைவு, வாசலிலேயே இறக்கிவிடும். கிராப்பில் காட்டும் தொகைக்கு மேல் டோல் தனியாகச் சேரும், அதை ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள்.

கேமரன் மலை அப்படியில்லை. அங்கே கிராப்பை நம்ப முடியாது. மலையிலுள்ள தானா ராத்தா ஊரில் உள்ளூர் டாக்சி உண்டு, மணிக்கணக்கில் பேசித்தான் எடுக்க வேண்டும். தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெரி பண்ணை, சந்தை எல்லாம் தள்ளித் தள்ளி இருப்பதால் மூட்டுவலிக்காரரை வைத்துக்கொண்டு வண்டி இல்லாமல் அங்கே சிரமம்.

பினாங்கில் மறுபடி கிராப். ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும். இரட்டை மஞ்சள் கோட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்குப் பூட்டு போட்டுவிடுவார்கள்.

ஆகவே நாலாம் நாள் காலை கோலாலம்பூரில் காரை எடுத்து, மலைக்குப் போய், ஆறாம் நாள் மாலை பினாங்கு விமான நிலையத்தில் விட்டுவிடுங்கள். மூன்று நாள் வாடகையும், வேறு ஊரில் விடுவதற்கான கூடுதல் கட்டணமும்தான். அந்தக் கூடுதல் கட்டணம் கம்பெனிக்குக் கம்பெனி நிறைய மாறும். நாள் வாடகையை மட்டும் ஒப்பிடாமல் கடைசித் தொகையை ஒப்பிடுங்கள்.

---

மூன்றாவது கியர்

மேலே சொன்னது சரி. வண்டித் தேர்வும் மலைப்பாதையும் பற்றிச் சேர்க்கிறேன்.

மலிவாகக் கண்ணில் படுவது பெரோடுவா ஆக்சியா. 1.0 லிட்டர் வண்டி, ஐந்து பேரும் பெட்டிகளும் வைத்து கேமரன் ஏறினால் மூச்சு வாங்கும். அதே கம்பெனியின் பெசா காரில் டிக்கி பெரியது, ஆனால் குழந்தை இருக்கை ஒன்று பொருத்திவிட்டால் பின்னால் இரண்டு பெரியவர்கள் மூன்றரை மணி நேரம் நெருக்கி உட்கார வேண்டும். உங்களுக்குப் பொருந்துவது பெரோடுவா அல்சா, 1.5 லிட்டர், ஏழு இருக்கை. ஏழு என்பதை நம்பி ஏமாற வேண்டாம். மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் பெட்டிக்கு இடமே இருக்காது. அந்த வரிசையில் ஒரு பக்கத்தை மட்டும் மடித்தால் ஒருவர் உட்காரலாம், மறுபக்கம் பெட்டிகள். இல்லாவிட்டால் முழுவதையும் மடித்துவிட்டு நடுவரிசையில் மூன்று பேர். இடம் தாராளமாக வேண்டுமென்றால் இனோவா கேளுங்கள், வாடகை கூடும்.

ஆட்டோமேட்டிக் பழக அரை மணி நேரம் போதும். இடது காலை ஓரமாக வைத்துவிடுங்கள், அது எதையும் தொடக் கூடாது. கிளட்ச் பழக்கத்தில் இடது கால் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடுவதுதான் கியர் வண்டிக்காரர்களுக்கு வழக்கமாக நேர்வது. காரை எடுத்ததும் பார்க்கிங்குக்குள்ளேயே நாலைந்து சுற்று ஓட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

இறக்கத்தில்தான் கவனம் தேவை. கியர் வண்டியில் இரண்டாவதில் போட்டு இறங்குவீர்கள். ஆட்டோமேட்டிக்கில் டி (டிரைவ்) நிலையிலேயே விட்டால் இன்ஜின் பிடிமானம் குறைவு, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவீர்கள். பிரேக் சூடேறி, கருகல் வாடை வந்து, பெடல் அமுங்கியும் வண்டி நிற்காத நிலை வரும். கியர் கம்பியில் டி-க்குக் கீழே எஸ், பி, எல், 2 என்று ஏதாவது இருக்கும், வண்டியைப் பொறுத்தது. இறங்கத் தொடங்கும் முன்பே அதற்கு மாற்றுங்கள். வாடை வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக கேமரனுக்கு ஏறும் பழைய சாலை கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், முழுக்க வளைவு. குழந்தைக்கும் அம்மாவுக்கும் வயிற்றைப் புரட்டும். ஈப்போ பக்கத்திலுள்ள சிம்பாங் பூலாய் சாலை அகலம், வளைவுகளும் பெரியவை. தூரம் கூடினாலும் பெரியவர்கள் இருப்பதால் ஏறவும் இறங்கவும் இதையே பரிந்துரைக்கிறேன். பினாங்கு போக எப்படியும் இதுதான் வழி. இரண்டிலும் கனமழையில் மண்சரிவு ஆபத்து உண்டு. இருட்டும் முன் மேலே சேர்ந்துவிடுங்கள்.

மலையில் பிரிஞ்சாங்குக்கும் கீ ஃபார்முக்கும் நடுவே சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களில் வண்டி நகராது. மலையில் தங்கும் இரண்டு இரவும் வார நாட்களில் வரும்படி மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் திங்கட்கிழமை மூடியிருக்கும். அதன் சாலை மிகக் குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பாசிக் காட்டுக்கு (மாஸி ஃபாரஸ்ட்) வாடகைக் காரில் போக வேண்டாம், ஜீப் சுற்றுலாவில் போங்கள்.

---

பரிவாகன் உதவி

காகித விஷயங்கள். பலருக்குப் பயணம் இங்கேதான் தடுக்குகிறது.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐடிபி, உங்கள் லைசென்ஸ் எந்த ஆர்டிஓ அலுவலகத்தின் கீழ் இருக்கிறதோ அங்கே பெற வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் சாரதி பகுதிக்குள் போய், படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய். லைசென்ஸ், பாஸ்போர்ட், விமான டிக்கெட் நகல்கள் வேண்டும். விசா பற்றிக் கேட்டால், விசா இல்லாமலும் விண்ணப்பிக்க 2021 திருத்தம் இடம் தருகிறது என்று சொல்லுங்கள். ஒரு வருடம் செல்லும், லைசென்ஸ் அதற்குள் காலாவதியானால் அதுவரைதான். மூன்று வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். இணையத்தில் டாலர் வாங்கிக்கொண்டு 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' அனுப்பும் தளங்கள் தருவது வெறும் மொழிபெயர்ப்புச் சிறுநூல். போலீஸ் சோதனையிலும் இன்ஷூரன்ஸ் கோரிக்கையிலும் அதற்கு மதிப்பில்லை. ஐடிபி-யும் தனியாகச் செல்லாது, அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல்: பெயர். லைசென்ஸில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கிரெடிட் கார்டில் வேறு மாதிரி. கவுண்டரில் மூன்றையும் ஒப்பிடுவார்கள். குறைந்தது ஐடிபி-யும் பாஸ்போர்ட்டும் ஒரே மாதிரி இருக்கட்டும், முன்பதிவையும் பாஸ்போர்ட் பெயரிலேயே செய்யுங்கள். வைப்புத்தொகையை ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில்தான் பெரும்பாலான பெரிய கம்பெனிகள் முடக்கி வைக்கும். டெபிட் கார்டை நம்பிப் போனால் கவுண்டரிலிருந்தே திரும்ப வேண்டி வரலாம்.

இன்ஷூரன்ஸில் 'எக்செஸ்' எவ்வளவு என்று கேளுங்கள். விபத்தானால் அந்தத் தொகை வரை உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் அடிப்படை காப்பீட்டில் வருவதில்லை, கண்ணாடிக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். முகநூல் குழுவில் தனியார் ஒருவர் தன் சொந்தக் காரைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் எடுக்காதீர்கள். சொந்த உபயோகக் காப்பீடு வாடகைக்குச் செல்லாது, விபத்தானால் முழுச் செலவும் உங்கள் தலையில்.

எடுக்கும்போது நான்கு பக்கமும், சக்கர விளிம்பு, கூரை, பெட்ரோல் முள், கிலோமீட்டர் எல்லாம் வீடியோ எடுங்கள். விடும்போதும் அப்படியே. குழந்தை இருக்கையை முன்பதிவிலேயே சேருங்கள். தனியார் வாகனங்களில் அது 2020 ஜனவரியிலிருந்து அங்கே சட்டம்.

---

ரிங்லெட்66

டோல் பற்றி நான் சொல்லாமல் விட்டது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், முன்பே பணம் ஏற்றி வைக்கும் டச் என் கோ அட்டை வேண்டும். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு பாலம் வரை 40 ரிங்கிட் சுற்றி ஆகும், அட்டையில் 80 வைத்துக்கொள்ளுங்கள். நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒரே அட்டையைத் தட்ட வேண்டும். ஆர்எஃப்ஐடி, ஸ்மார்ட் டேக் என்று எழுதிய பாதைகளில் நுழையாதீர்கள், அட்டை படிக்கும் கருவி அங்கே இல்லாமல் போகலாம், பின்னால் வரிசை கட்டி ஹாரன் அடிப்பார்கள். அட்டையில் பணம் ஏற்ற பெட்ரோல் நிலையத்திலோ நெடுஞ்சாலை ஓய்விடத்திலோ நிறுத்துங்கள். பினாங்கு பாலத்தில் தீவுக்குள் போகும்போது மட்டும் டோல், திரும்பும்போது இல்லை.

பெட்ரோல் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். கவுண்டரில் பம்ப் எண் சொல்லி முன்பணம் கட்டுங்கள், மீதியைத் தருவார்கள். பம்பிலேயே கார்டைச் செருகினால் 200 ரிங்கிட்டை முடக்கிவிட்டு, போட்டதற்கான தொகையைப் பிறகுதான் எடுப்பார்கள். முடக்கியது விடுபட நாள் ஆகும். ரான் 95 பெட்ரோலுக்குக் கைப்பிடி மஞ்சள், கறுப்புக் கைப்பிடி டீசல், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். 2025 செப்டம்பர் இறுதியில் வந்த 1.99 ரிங்கிட் மானிய விலை குடிமக்களுக்கு மட்டும். நீங்கள் சந்தை விலைதான் கொடுக்க வேண்டும், அதையே கணக்கில் வையுங்கள்.

வேக வரம்பு நெடுஞ்சாலையில் 110, கேமரா நிறைய. சம்மன் (அபராத நோட்டீஸ்) வண்டி எண்ணுக்கு வரும், கம்பெனி பிறகு உங்கள் கார்டில் எடுக்கும். நெரிசலில் இடது ஓர அவசரப் பாதையில் ஏறாதீர்கள், அதற்கும் சம்மன். ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழி விடுங்கள்.

வண்டி நின்றுபோனால் நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் கம்பெனியின் உதவி எண் 1800 88 0000. கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரிடம் சாவி கொடுக்காதீர்கள். மோதல் என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் பதிய வேண்டும், அது இல்லாமல் காப்பீடு கிடைக்காது.

---

கோவைப்பயணி

மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: மலைப் பகுதிக்கு மட்டும் ஓட்டுநரோடு வேன் எடுத்தால் என்ன? மனைவி அதைத்தான் சொல்கிறார்.

---

மூன்றாவது கியர்

தாராளமாக எடுக்கலாம். ஆட்டோமேட்டிக் புதிது, மலையும் புதிது, குழந்தையும் பெரியவர்களும் கூட என்றால் நானும் அந்தப் பக்கம்தான். செலவு கூடும், ஆனால் வைப்புத்தொகை, ஐடிபி, சம்மன் எதுவும் இல்லை. இரண்டு விதமாகக் கேளுங்கள். ஒன்று, மலைக்குக் கொண்டுவிட்டுத் திரும்பி, மூன்றாம் நாள் வேறு வண்டி வந்து பினாங்குக்கு அழைத்துப் போவது. மற்றது, அதே ஓட்டுநர் உங்களோடு தங்குவது. முதலாவது மலிவு. ஆனால் மலையில் ஒரு முழுநாள் சுற்ற உள்ளூர் டாக்சி வேண்டியிருக்கும், தங்கும் விடுதியிடம் முன்பே சொல்லி வையுங்கள். எதுவானாலும் டோல், பெட்ரோல், ஓட்டுநர் தங்கும் செலவு, காத்திருப்பு எல்லாம் சேர்த்த தொகையா என்று எழுத்தில் வாங்குங்கள். குழந்தை இருக்கையையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. திரும்பும் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் கோலாலம்பூருக்குத் திரும்பாதீர்கள். பினாங்கிலிருந்து சென்னைக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கினார்கள். உங்கள் தேதிக்கு அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதற்குப் பிறகு கார் கம்பெனியிடம் எங்கே விடுவது என்று பேசுங்கள்.