“லேசான சளிதான்” என்று சொல்லும் மற்ற பெற்றோரை எவ்வளவு தூரம் நம்புவது?

கொருக்குப்பேட்டை_அம்மா (பிப்ரவரி 2022)

என் பையனுக்கு 11 வயது. வியாசர்பாடியில் ஃபுட்பால் பிராக்டிஸ், காலை ஆறு மணிக்கு. எங்கள் பக்கத்திலிருந்து ஏழு பிள்ளைகள் ஒரே ஆட்டோவில் போகிறார்கள். போன வாரம் அதில் ஒரு பையன் விடாமல் இருமினான் என்று என் மகன் வந்து சொன்னான். அவன் அம்மாவிடம் கேட்டேன், “ஐஸ் சாப்பிட்டான், லேசான சளிதான் அக்கா” என்றார். சரி என்று விட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்துத் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் காதில் விழுகிறது, அந்த வீட்டில் அப்பாவுக்கு கொரோனா பாசிட்டிவ், அதுவும் எனக்குப் பதில் சொன்ன நாளுக்கு முன்பே ரிசல்ட் வந்துவிட்டதாம்! அன்று இரவுதான் வாட்ஸ்அப் குரூப்பில் கோச் “யார் வீட்டிலாவது காய்ச்சல் இருக்கிறதா” என்று கேட்டதற்கு அதே அம்மா எல்லாம் நலம் என்கிற மாதிரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்.

என் மாமியாருக்கு 68 வயது. சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட். பையன் பாட்டி பக்கத்தில்தான் படுப்பான். இரண்டு வாரத்தில் செலக்‌ஷன் வேறு. அனுப்பவா, நிறுத்தவா? குரூப்பில் இதைப் போட்டு உடைக்கலாமா?

வடசென்னை_வாத்தி

நிறுத்துங்கள். செலக்‌ஷன் அடுத்த வருஷமும் வரும். ஸ்டென்ட் வைத்த பெரியவரை வைத்துக்கொண்டு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பெரம்பூர்_லெஃப்ட்_விங்

வாத்தியார் ஈஸியாகச் சொல்லிவிட்டார். இரண்டு வருஷமாகப் பிள்ளைகள் ஃபோனே கதியென்று கிடந்தது போதாதா? என் பையன் எட்டு கிலோ ஏறிப்போய் இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறான். ஜனவரியில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வந்தது, நாலு நாள் இருமினார்கள், எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். அதற்காக அந்த அம்மா மறைத்தது சரி என்று நான் சொல்லவில்லை.

ராயபுரம்_ராணி

நான் அந்த அம்மா பக்கமும் கொஞ்சம் பேசிவிடுகிறேன், திட்டாதீர்கள். 2020 ஜூனில் சென்னையிலேயே அதிக கேஸ் எங்கள் ராயபுரம் மண்டலத்தில்தான். என் அண்ணிக்கு வந்தபோது வாசலில் தகரம் அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கே தெரு மொத்தமும் வெளியே வந்து நின்றது. அடுத்த நாள் லாரித் தண்ணீருக்குப் போன அவள் மகனின் குடத்தை வரிசையில் யாரும் தொடவில்லை, காலால் நகர்த்தினார்கள். எல்லாம் முடிந்து தகரத்தைக் கழற்றிய பிறகும் மளிகைக் கடைக்காரர் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசையில்தான் வைத்தார், ஒரு மாதம். இதையெல்லாம் பார்த்தவர்கள் “எங்கள் வீட்டில் பாசிட்டிவ்” என்று குரூப்பில் எழுதுவார்களா? இப்போது யாரும் தகரம் அடிப்பதில்லை, ஆனால் பயம் போகவில்லை. அதோடு அந்த அப்பாவுக்குத் தினக்கூலியாக இருந்தால் ஏழு நாள் வீட்டில் உட்கார்ந்தால் ஏழு நாள் கூலி போச்சு.

குரூப்பில் போட்டு உடைக்காதீர்கள். உடைத்தால் அடுத்த வீடு இன்னும் கவனமாக மறைக்கும்.

நைட்_டியூட்டி

நர்ஸாக இருக்கிறேன், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அந்த அம்மா பொய் சொன்னது தப்பு. வீட்டில் ஒருவருக்கு பாசிட்டிவ் என்றால் பையனையும் ஏழு நாள் அனுப்பியிருக்கக் கூடாது. ஆனால் ஒன்று யோசியுங்கள் சகோதரி, உங்கள் குரூப்பில் எல்லோரும் அரிச்சந்திரனாக இருந்தாலும் முழுசாகத் தப்ப முடியாது, ஏனென்றால் இருமல் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இது பரவ ஆரம்பித்துவிடும், அந்த நேரத்தில் பெற்றவளுக்கே தெரியாது. அதனால் யாரை நம்புவது என்பதை விட, நம்பிக்கை தவறினாலும் எங்கே ஒட்டும் என்று பாருங்கள். கிரவுண்டு திறந்தவெளி, பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள், அங்கே ஆபத்து குறைவு. பயப்பட வேண்டியது ஆட்டோ. பனிக்கு இரண்டு பக்கமும் படுதா இறக்கி, ஏழு பேர் மடிமேல் மடி, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டால் கால் மணி நேரம் அதே மூச்சுக்காற்று. முடிந்தால் நீங்களே கொண்டுபோய் விடுங்கள், இல்லையென்றால் படுதாவைச் சுருட்டி, மாஸ்க் போட்டு உட்காரச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டில் தனி.

வீட்டிலேயே டெஸ்ட் எடுக்கிற கோவிசெல்ஃப் கிட் வாங்கி நெகட்டிவ் வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள், அறிகுறி இருந்தால் லேபில் எடுக்கிற ஆர்டிபிசிஆர் டெஸ்ட்தான். 15 வயதுக்குக் கீழே இன்னும் ஊசி இல்லை, அதனால் உங்கள் கையில் இருப்பது மாமியாரின் பூஸ்டர். இரண்டாவது ஊசி எப்போது போட்டார்? 60 தாண்டி இணைநோய் இருப்பவர்களுக்கு ஒன்பது மாதம் முடிந்தால் ஜனவரி 10 முதல் போடுகிறார்கள். பையனுக்குத் தனிப் பாய்.

புளியந்தோப்பு_பாக்சிங்_அப்பா

எங்கள் பாக்சிங் பிள்ளைகளிடமும் இதே கதைதான் நடந்தது. எல்லோரும் மறைத்தார்கள், காரணம் சிம்பிள், லீவு போட்டால் போட்டிக்குப் பேர் போகாது. மாஸ்டரிடம் நாங்கள் நாலு அப்பாக்கள் போய்ப் பேசினோம். சொல்லிவிட்டு லீவு போடுகிறவன் இடம் போகாது, சொல்லாமல் வந்து மாட்டினால்தான் போகும் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தோம். இன்னொன்று, குரூப்பில் போட வேண்டாம், மாஸ்டருக்கு மட்டும் தனியாக ஃபோன். அடுத்த வாரமே மூன்று பேர் வரவில்லை. அதில் ஒருவன் என் மகன், அது வேறு கதை.

கொருக்குப்பேட்டை_அம்மா

எல்லோருக்கும் நன்றி. மாமியாருக்கு இரண்டாவது ஊசி போன ஏப்ரலில் போட்டது, நாளைக்கே கூட்டிப்போகிறேன்.

ராணி அக்கா எழுதியதைப் படித்த பிறகு ஒன்றை மறைக்க மனசு வரவில்லை. டிசம்பர் கடைசியில் என் பையனுக்கு ஒரு ராத்திரி உடம்பு சுட்டது. பாராசிட்டமால் கொடுத்தேன், காலையில் இறங்கிவிட்டது, அன்று பிராக்டிஸ் மேட்ச் என்று அனுப்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. டெஸ்ட்டும் எடுக்கவில்லை. அதே ஆட்டோதான்.

இன்று கோச்சிடம் யார் பெயரும் சொல்லாமல் பாக்சிங் அப்பா சொன்ன மாதிரியே கேட்டேன். யோசிக்கிறேன் என்றார். செலக்‌ஷன் வரைக்கும் வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். ஆட்டோ அண்ணனிடம் படுதா விஷயம் சொன்னேன், “பனியில் பிள்ளைகள் நடுங்கினால் நீதான் வந்து கேட்பே” என்று முறைத்தார், ஆனால் ஒரு பக்கம் சுருட்டியிருக்கிறார்.

அந்த அம்மாவிடம் இன்னும் பேசவில்லை. சாயங்காலம் தண்ணீர் பிடிக்க வந்தார், நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.