சீசாவா, சிஸமா: எதை முதல்ல எழுதுறது?

தணிக்கைத்தம்பி:
வங்கியில உள் தணிக்கை, 3 வருஷம் ஆச்சு. மேலாளர் சீசா (CISA, கணினி அமைப்புகளைத் தணிக்கை செய்றவங்களுக்கான சான்றிதழ்) தேர்வு எழுதச் சொல்றார். நண்பன் சிஸம் (CISM, தகவல் பாதுகாப்பு மேலாண்மைச் சான்றிதழ்)தான் கெத்துங்கிறான். ரெண்டுக்கும் 5 வருஷ அனுபவம் வேணுமாமே, இப்பவே எழுதலாமா?

பழையசர்வர்:
தாராளமா எழுதலாம் தம்பி. தேர்வு வேற, சான்றிதழ் வேற. பாஸ் பண்ணி 5 வருஷத்துக்குள்ள அனுபவத்தைக் காட்டி, இந்த ரெண்டு சான்றிதழையும் தர்ற ஐசாகா (ISACA) அமைப்புக்கு விண்ணப்பிச்சா போதும். தணிக்கையில இருக்கிறவருக்கு சீசாதான். சிஸம் பாதுகாப்புப் பிரிவை நிர்வகிக்கிறவங்களுக்கு.

150 கேள்வி, 4 மணி நேரம். 800க்கு 450 வந்தா பாஸ், ஆனா அது சதவீதக் கணக்கு இல்லை.

நான் முதல் தடவை கோட்டை விட்டவன். 12 வருஷம் சர்வர் ரூம் குளிர்லயே கிடந்த ஆள் பாருங்க. பயிற்சிப் புத்தகத்துல, வேலையை விட்டுப் போனவரோட லாகின் இன்னும் உயிரோட இருக்கு, தணிக்கையாளரா முதல்ல என்ன செய்வீங்கன்னு இருந்துச்சு. ‘உடனே முடக்கு’ன்னு டிக் அடிச்சேன். தப்பு. முடக்குறது நம்ம வேலையே இல்லை. அவர் போனப்புறம் அந்த லாகினை யாராவது பயன்படுத்தினாங்களான்னு பார்த்து, நிர்வாகத்துக்கு எழுதணும். அந்தக் கை அரிப்பு அடங்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

தணிக்கைத்தம்பி:
எனக்கு அந்த அரிப்பு இல்லண்ணே, நெட்வொர்க்தான் தகராறு!

கணக்குப்புலி:
பாஸானதோட முடியாது. வருஷம் 20 மணி நேரமாவது, 3 வருஷத்துல 120 மணி நேரம் தொடர்கல்வி காட்டணும். வருஷா வருஷம் கட்டணமும் உண்டு. ஆபீஸ் கட்டுமான்னு இப்பவே கேட்டு வைங்க.