கலைச்சொல்: என்ட்ரெயின்மென்ட் = தாளந்தழுவல்?

ஐயா, வணக்கம். வெளியிலுள்ள ஒரு தாளத்துக்கு ஏற்ப இன்னொன்றின் தாளம் மாறிக்கொள்வதை ஆங்கிலத்தில் 'என்ட்ரெயின்மென்ட்' என்கிறார்கள். அதற்கு நான் முன்மொழியும் 'தாளந்தழுவல்' பற்றி எழுந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> 'ஒத்திசைவு' இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

ஒத்திசைவு நல்ல சொல்தான். 1665-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் அருகருகே தொங்கவிட்ட இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாகவே இணங்கி ஆடியதைக் கண்டாரே, அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். அங்கே இரண்டுமே விட்டுக்கொடுக்கின்றன. பேச்சைக் கேட்கும்போது அப்படியில்லை. பேச்சின் தாளம் அப்படியே இருக்க, கேட்பவரின் மூளையலை மட்டும் அதற்கேற்ப மாறுகிறது. எது எதைப் பின்பற்றுகிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

வாசிக்கக் கற்பதில் ஏற்படும் தடுமாற்றமான டிஸ்லெக்சியா பற்றிப் பெற்றோருக்கு எழுதும்போது இந்த இடத்தைக் குழப்பினால் எல்லாமே குழம்பிவிடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் உஷா கோஸ்வாமி 2011-இல் முன்வைத்த கருத்தைப் பாருங்கள். பேச்சில் ஒலியின் வலு நொடிக்கு நாலைந்து முறை ஏறி இறங்குகிறது. மூளையின் மெதுவான அலைகள் அந்த ஏற்றங்களைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சைத் துண்டு துண்டாகப் பிரிக்கின்றன. 'பா' என்று சொல்லிப் பாருங்கள், உதடு பிரிந்ததும் ஒலி சட்டென்று எழும்பும். 'வா' மெல்ல எழும்பும். ஒலி எழும்பும் வேகத்தைப் பிரித்தறிவது டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகள் பலருக்குக் கடினமாக இருக்கிறது. அதனால் மூளையலை ஏற்றத்தோடு சரியாகச் சேர்வதில்லை, சொல்லுக்குள் இருக்கும் ஒலிகள் தெளிவாகப் பதிவதில்லை, பிறகு எழுத்தை ஒலியோடு பொருத்தும்போது தடுமாற்றம் வருகிறது என்பது அவர் விளக்கம். சீரான இடைவெளியில் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் கருவிக்கு ஏற்ப விரலால் தட்டச் சொன்னாலும் இக்குழந்தைகளில் பலருக்குத் தட்டு முன்பின்னாகிறது. இசையும் வாசிப்பும் சந்திக்கும் இடம் இதுவே.

ஆகவே என் முன்மொழிவு 'தாளந்தழுவல்'. வெளியிலுள்ள ஒன்றைத் தனதாக்கிக்கொள்வதைத் 'தழுவல்' என்று ஏற்கெனவே சொல்கிறோம். வினையாகவும் புழங்கும்: மூளையலை பேச்சின் தாளத்தைத் தழுவுகிறது, தழுவத் தவறுகிறது.

> 'அசையிணக்கம்' இன்னும் தமிழாக இருக்குமே?

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் யாப்பில் வரும் அசை வேறு. 'பம்பரம்' என்பதற்குக் குழந்தை கைதட்டினால் பம்-ப-ரம் என்று மூன்று தட்டு. யாப்பில் பம்-பரம், நேர் நிரை என்று இரண்டே அசை. அதோடு, உடலின் உயிர்க்கடிகாரம் பகலிரவைப் பின்பற்றுவதற்கும் இதே 'என்ட்ரெயின்மென்ட்' என்ற சொல்தான் ஆளப்படுகிறது. அங்கே அசைக்கு வேலையே இல்லை.

> 'தாளத்தழுவல்' என்பதுதானே சரியான புணர்ச்சி?

அப்படி எழுதினால் 'தாளத்தின் தழுவல்' என்று படிக்க இடமுண்டு. தாளத்தைத் தழுவுதல் என்ற வினைப்பொருள் நிற்க 'தாளந்தழுவல்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

'தாள மருத்துவம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். 2015-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்றில் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு இசையும் மறு பிரிவுக்கு ஓவியமும் கற்பித்தார்கள். ஒலிகளைப் பிரித்தறிவதிலும் வாசிப்பிலும் இசைப் பிரிவு கூடுதலாக முன்னேறியது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனாலும் வாசிப்புப் பயிற்சியை நிறுத்திவிட்டு மிருதங்க வகுப்பில் சேர்த்தால் போதும் என்று ஒரு தாய் நினைத்துவிட்டால், இழப்பு அந்தக் குழந்தைக்கு.

அடுத்து 'ரைஸ் டைம்', அதாவது ஒலி எழும்ப எடுத்துக்கொள்ளும் நேரம், பாக்கி இருக்கிறது. 'எழுநேரம்' என்றால் ஏழு என்றோ, காலையில் எழும் நேரம் என்றோ படிப்பார்கள். 'ஏறுநேரம்' சரியாக வருமா? மின்னணுவியல் ஆசிரியர்கள் வகுப்பில் என்ன சொல்கிறார்கள் என்று குழுவில் உள்ளவர்கள் தெரிவித்தால் இரண்டு துறைக்கும் ஒரே சொல்லாக வைத்துவிடலாம்.