டொராண்டோ வந்து கன்ஸ்ட்ரக்‌ஷன் வேலை தேடுறவங்களுக்கு: யூனியன்னா பயப்படாதீங்க

புதுசா வந்த தம்பிங்க கேக்குறது பெரும்பாலும் இதுதான், "அண்ணா, யூனியன்ல சேந்தா காண்ட்ராக்டர் கடுப்பாகி வேலைய விட்டு தூக்கிடுவாரா?" நம்ம ஊர்ல யூனியன்னாலே கொடி, கோஷம், கேட் மீட்டிங்னு பாத்து வளந்ததால வர்ற பயம் அது. ஒண்டாரியோல ஆஸ்பத்திரி, ஸ்கூல், ஃபேக்டரினு கட்டுற ஐசிஐ (இண்டஸ்ட்ரியல், கமர்ஷியல், இன்ஸ்டிடியூஷனல்) பக்கம் கதையே வேற. யூனியனோட ஒப்பந்தம் போட்ட காண்ட்ராக்டருக்கு தலைவலி யூனியன் இல்ல, ஆளுங்க கூலில கைய வச்சு கம்மி ரேட்டுக்கு டெண்டர் எடுக்குறவன்தான், அதனால ரெண்டு தரப்பும் சேந்தே அரசாங்கத்துக்கிட்ட போய் பேசுறாங்க. இதுக்குன்னே ஒண்டாரியோ கன்ஸ்ட்ரக்‌ஷன் செக்ரடேரியட் 1993ல ஆரம்பிச்சது, 25 ட்ரேடோட (எலக்ட்ரீஷியன், ப்ளம்பர் மாதிரி தொழில்) யூனியன்களும் அவங்க காண்ட்ராக்டர்களும் அதுல ஒண்ணா இருக்காங்க.

சண்டையே கிடையாதுன்னு சொல்ல வரல. 3 வருஷத்துக்கு ஒரு தடவ ஏப்ரல் 30ல ஒப்பந்தம் முடியும், 2022ல ஸ்ட்ரைக்கும் நடந்துச்சு. ஆனா ட்ரெய்னிங் சென்டர், பென்ஷன் ஃபண்டு எல்லாம் பல ட்ரேடுல ரெண்டு பேரும் சேந்துதான் நடத்துறாங்க, நீங்க வேலை பாக்குற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காண்ட்ராக்டர் அதுல பணம் போடுவாரு, அதே யூனியன்ல இன்னொரு கம்பெனிக்கு மாறுனாலும் பென்ஷன் கணக்கு உங்க பேர்லயே ஓடும்.

கணக்குல வராம கையில காசு குடுக்குற கேஷ் ஜாப் பக்கம் தயவுசெஞ்சு போகாதீங்க. எலக்ட்ரீஷியன் அப்ரெண்டிஸ்ஷிப் (வேலை பாத்துக்கிட்டே தொழில் கத்துக்குறது) மொத்தம் 9000 மணி நேரம், கேஷ்ல பாத்த வேலைய அந்தக் கணக்குல சேக்க யார் கையெழுத்து போடுவா? ஊர்ல ஏற்கனவே வருஷக்கணக்கா வயரிங் பாத்தவங்கன்னா ட்ரேடு சர்டிஃபிகேட் குடுக்குற ஸ்கில்டு ட்ரேட்ஸ் ஒண்டாரியோல அனுபவத்த காட்டி நேரா பரீட்சைக்கு அப்ளை பண்ணலாம், 70 மார்க் எடுத்தா பாஸ், பழைய முதலாளிகிட்ட லெட்டர் வாங்காம மட்டும் ஃப்ளைட் ஏறாதீங்க.

இன்னொண்ணு, 2009 கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் இதே டொராண்டோல 13வது மாடி உயரத்துல தொங்கு சாரம் உடைஞ்சு 4 பேர் செத்தாங்க, எல்லாரும் நம்மள மாதிரி வெளிநாட்டுலேந்து வந்தவங்க. அதுக்கப்புறம்தான் உயரத்துல வேலை செய்யுற ட்ரெய்னிங்க 2015ல கட்டாயமாக்குனாங்க, 3 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். அது இல்லாமலே மேல ஏறச் சொன்னா முடியாதுன்னு சொல்லுங்க, சட்டம் உங்க பக்கம்தான். உங்க ட்ரேடு எதுன்னு கீழ போடுங்க, எந்த லோக்கல்ல (யூனியனோட கிளை) அப்ரெண்டிஸ் எடுக்குறாங்கன்னு விசாரிச்சு சொல்றேன்.