நெக்ஸ்ட்கிளவுட் டேட்டாவைப் புது டிஸ்குக்கு மாற்றியதும் "டேட்டா டைரக்டரி செல்லாது" என்கிறது

வட்டுமேசை:
டாக்கர் கம்போஸில் (நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) நெக்ஸ்ட்கிளவுட் என்ற சொந்த ஃபைல் சேமிப்பு சர்வர் (டெபியன் இமேஜ், அப்பாச்சி), போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், குறித்த நேர வேலைகளுக்குத் தனியாக ஒரு க்ரான் கண்டெய்னர் ஓடுகின்றன. எல்லாமே நேம்டு வால்யூம் (டாக்கரே நிர்வகிக்கும் சேமிப்பிடம்). 256 ஜிபி எஸ்எஸ்டி 94% நிரம்பியதால் 4 டிபி டிஸ்க் ஒன்றை எக்ஸ்ட்4-ஆக ஃபார்மட் செய்து மவுண்ட் செய்தேன். கண்டெய்னரை நிறுத்திவிட்டு, டேட்டா ஃபோல்டரை ரூட்டாக, சிபி கட்டளையில் நட்சத்திரக் குறி போட்டு காப்பி செய்தேன். கம்போஸ் ஃபைலில் டேட்டா பாதைக்கு மட்டும் பைண்ட் மவுண்ட் (ஹோஸ்ட் கணினியின் ஃபோல்டரைக் கண்டெய்னருக்குள் காட்டுவது) சேர்த்தேன். இப்போது மேலே உள்ள பிழை வருகிறது. கான்ஃபிக் ஃபைலில் 'டேட்டாடைரக்டரி' வரியையும் மாற்ற வேண்டுமா? பழைய ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன.

ஓடைக்கரை:
அந்த வரியைத் தொடாதீர்கள். அதில் இருப்பது கண்டெய்னருக்குள் தெரியும் பாதை. வெளியே எந்த டிஸ்க் என்பது அதற்குத் தேவையில்லை. மாற்றினால் டேட்டாபேஸின் ஸ்டோரேஜஸ் டேபிளில் பழைய பாதை நின்றுவிடும், அதையும் கையால் திருத்த வேண்டி வரும்.

கோளாறு நட்சத்திரக் குறியில். புள்ளியில் தொடங்கும் பெயர்களை அது எடுக்காது. டேட்டா ஃபோல்டரின் மேல்மட்டத்தில் '.ஓசிடேட்டா' (புதிய பதிப்புகளில் '.என்சிடேட்டா') என்ற மறைந்த ஃபைல் இருக்கும். அது இல்லையென்றால் இந்தப் பிழைதான். சும்மா ஒரு காலி ஃபைலை உருவாக்கி ஏமாற்ற வேண்டாம். டிஸ்க் மவுண்ட் ஆகாத காலி ஃபோல்டரில் ஓடிவிடாமல் தடுக்கும் காவல் அது.

அதைச் சரிசெய்தாலும் அடுத்து பெர்மிஷன் பிழை வரும். ரூட்டாக காப்பி செய்ததில் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகியிருக்கும். உள்ளே வெப் சர்வரின் யூஐடி (பயனர் எண்) 33 (ஆல்பைன் இமேஜில் 82).

கண்டெய்னர்கள் எல்லாம் நின்றிருக்க, ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவியை -ஏஎச்ஏஎக்ஸ் (-aHAX), நியூமெரிக்-ஐடிஸ் ஆப்ஷன்களோடு ஓட்டுங்கள். மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு கட்டாயம். விட்டால் டேட்டாவுக்குள் டேட்டா ஃபோல்டர் வந்து உட்காரும். முடிந்ததும் அதே கட்டளையை ட்ரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) ஆப்ஷனோடு, மாற்றங்களைப் பட்டியலிடச் சொல்லி மறுபடி ஓட்டுங்கள். எந்த ஃபைல் பெயரும் வரவில்லையென்றால் விடுபட்டது எதுவுமில்லை. ஆர்சிங்க் யூஐடியை அப்படியே கொண்டுவரும், ஆனாலும் மேல் ஃபோல்டர் 33-க்குச் சொந்தமா, பெர்மிஷன் 0770-ஆ என்று ஒருமுறை பாருங்கள்.

பெட்டிச்சாவி:
மேலே சொன்னது சரி. விட்டுப்போன மூன்று விஷயங்கள்.

க்ரான் கண்டெய்னரிலும் அதே பைண்ட் மவுண்ட் வேண்டும். இல்லையென்றால் வெப் ஒரு டேட்டாவையும் க்ரான் பழைய டேட்டாவையும் பார்க்கும். பிழை எதுவும் காட்டாது, அதுதான் வம்பு.

எஸ்எஸ்டியில் இடம் தானாகக் காலியாகாது. பழைய டேட்டா நேம்டு வால்யூமுக்குள் அப்படியே இருக்கிறது, புது மவுண்ட் அதை மூடி மறைக்கிறது அவ்வளவே. சில நாள் ஓடவிட்டு, பேக்கப்பும் எடுத்தபின், ஹோஸ்ட்டில் அந்த வால்யூமின் டேட்டா ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழியுங்கள். வால்யூமையே அழித்தால் கான்ஃபிக்கும் போய்விடும். கம்போஸ் டவுனில் -வி சேர்ப்பதும் அதே விபத்துதான்.

கடைசியாக ரீபூட். டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டால், கம்போஸின் குறுவடிவ (ஒரே வரியில் எழுதும்) பைண்ட் அந்தப் பாதையில் ரூட் பெயரில் ஒரு காலி ஃபோல்டரைத் தானே உருவாக்கிவிடும். ஆகவே நீள்வடிவத்தில் எழுதி 'கிரியேட் ஹோஸ்ட் பாத்' ஃபால்ஸ் என்று வையுங்கள். மவுண்ட் பாயின்ட்டையே கொடுக்காமல் அதனுள் ஒரு துணை ஃபோல்டரைக் கொடுங்கள். டிஸ்க் இல்லாதபோது பாதையே இருக்காது, கண்டெய்னர் தொடங்காமல் நிற்கும். எஃப்எஸ்டேபில் (பூட்டின்போது மவுண்ட் செய்ய வேண்டிய டிஸ்குகளின் பட்டியல்) டிஸ்கின் யூயூஐடியை (மாறாத அடையாள எண்) போடுங்கள். டிஸ்க் மவுண்ட் ஆன பிறகே டாக்கர் தொடங்க, சிஸ்டம்டியில் டாக்கர் சர்வீஸுக்கு 'ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார்' வரியும் சேருங்கள்.

வட்டுமேசை:
ட்ரை-ரன் சுத்தம், பக்கம் திறக்கிறது. க்ரானில் மவுண்ட் இல்லாமல்தான் இருந்தது, சேர்த்துவிட்டேன். போஸ்ட்கிரெஸையும் இதே டிஸ்குக்கு மாற்றலாமா?

ஓடைக்கரை:
வேண்டாம். டிஸ்கில் அங்கங்கே சின்னச் சின்னதாக எழுதும் வேலைக்கு எஸ்எஸ்டிதான் நல்லது, போஸ்ட்கிரெஸ் எடுக்கும் இடமும் உங்கள் படங்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. மாற்றியே ஆகவேண்டுமென்றால் நிறுத்தாமல் காப்பி செய்யாதீர்கள். டெபியன் இமேஜில் யூஐடி 999, ஆல்பைனில் 70. இமேஜ் வகையை மாற்றுவதானால் ஃபோல்டரைத் தூக்காமல் டம்ப் (டேட்டாபேஸின் ஏற்றுமதி ஃபைல்) எடுத்து ஏற்றுங்கள்.