சங்க மலர் அட்டைப்படம்: மில்லுக்கு முன்னால் ஆறு

அன்புள்ள அண்ணாச்சிமார், மதினிமார், தம்பி தங்கச்சிகள் எல்லோருக்கும்,

நம்ம ஊர்ச் சங்க மலரின் அட்டையில் மில் வாசல் படத்தைப் போடலாம் என்று போன வாரம் பேச்சு ஓடியது. மஸ்கட்டிலிருந்து ஒரு தம்பி, "வி.கே.புரமே ஆர்வி மில்லால வந்ததுதானே" என்று எழுதியிருந்தார்; நம்ம விக்கிரமசிங்கபுரமே ஹார்வி மில்லால் உண்டான ஊர் என்கிறார். அந்த வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் அப்பா 32 வருசம் அந்த மில்லில் வேலை பார்த்தவர். மில் சம்பளத்தில் சாப்பிட்டுப் படித்து ஆளானவன் நான். மில்லைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனாலும் அட்டையில் நம்ம பொருநை, தாமிரபரணி ஆறுதான் வரவேண்டும் என்பேன்.

மில் ஏன் நம்ம ஊருக்கு வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்காட்லாந்துக்காரர்களான ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி சகோதரர்கள் 1880களில் இங்கே நூற்பாலை கட்டினார்கள். பருத்தி விளைந்தது கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில். அது கப்பல் ஏறியது தூத்துக்குடியில். ரயில் திருநெல்வேலியோடு நின்றுவிட்டது. பக்கத்து அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்ததே 1900 தாண்டித்தான். பஞ்சுப் பொதியைத் திருநெல்வேலியிலிருந்து மலையடிவாரம் வரை வண்டி கட்டித்தான் இழுத்து வரவேண்டும். கணக்குப் பார்க்கிற வியாபாரி இப்படி ஓர் இடத்தில் ஆலை கட்டுவானா? கட்டினார்கள். தண்ணீர் இங்கேதான் உயரத்திலிருந்து விழுகிறது, காரணம் அவ்வளவுதான்.

விழுகிற தண்ணீரை வாய்க்காலில் திருப்பிச் சக்கரத்தைச் சுற்றவிட்டால் நிலக்கரி வேண்டியதில்லை. சுற்றிவிட்ட தண்ணீர் திரும்பவும் ஆற்றுக்கே போய்விடும், கீழே வயலுக்கும் நட்டமில்லை. இதே ஹார்வி கம்பெனி பிறகு தூத்துக்குடியில் கோரல் மில்லையும், 1892-ல் மதுரை மில்லையும் கட்டியது. ஒன்று துறைமுகத்தை ஒட்டி, இன்னொன்று ரயிலடியை ஒட்டி. நம்ம மில் மட்டும் ஆற்றை ஒட்டி. (1908-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் அந்தக் கோரல் மில்லில்தான். கூலி உயர்ந்து, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது. மலரில் அதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும், யாராவது எழுதுங்கள்.)

பொருநைக்கு இன்னொரு குணமும் உண்டு. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே அதற்குத் தண்ணீர் தருகின்றன. மதுரைக்காரர்கள் வைகையில் மணலைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதங்களிலும் நமக்குக் குளிக்கத் தண்ணீர் ஓடும். ஓட்டம் நின்றால் சக்கரம் நிற்கும், சக்கரம் நின்றால் மில் நிற்கும். வருசம் முழுக்க ஓடுகிற ஆறு என்பது மில்காரனுக்கு முதலில்லாத முதல்.

அப்புறம் சாரல். வறண்ட காற்றில் நூல் படபடவென்று அறும். காற்றில் ஈரம் இருந்தால் இழை படிந்து ஓடும். ஆனி, ஆடியில் பொதிகையிலிருந்து சாரல் இறங்கினால் எங்கள் அப்பாவின் முகமே மாறிவிடும். "இன்னிக்கு அறுப்பு கம்மி" என்று சொல்லிக்கொண்டே வருவார். ஊரில் மற்றவர்கள் சாரலைக் குற்றாலத்தோடு சேர்த்து நினைப்பார்கள். எங்கள் வீட்டில் சாரல் என்றால், அறுந்த இழையை முடிய அப்பா ஓடுகிற ஓட்டம் குறைவு.

அவர் சிப்ட் முடிந்து வருவது இன்னும் கண்ணில் நிற்கிறது. புருவத்திலும் காது மடல் மயிரிலும் பஞ்சு ஒட்டியிருக்கும், திடீரென்று பத்து வயது கூடியது போல. நேரே வீட்டுக்குள் வரமாட்டார். திண்ணையில் துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய் ஒரு முங்கு போட்டுவிட்டுத்தான் சாப்பாடு. மெஷின் இரைச்சலில் பேசிப் பேசி வீட்டிலும் குரல் உரக்கத்தான் வரும். வெளியூர் உறவினர்கள் சண்டை என்றே நினைத்துவிடுவார்கள். ஒரு நூலை விரலில் உருட்டிப் பார்த்து, "இது நாப்பது, இது அறுவது" என்பார். சின்னப் பிள்ளையில் எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. கணக்கு பிறகுதான் புரிந்தது. 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு ராத்தல் (பவுண்டு) எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் ஒரு ராத்தலில் 33,600 கஜம். அவர் கட்டைவிரலுக்கு அது தெரிந்திருந்தது.

மில் சங்கை மறந்தவர்கள் நம்மில் யாரும் இருக்கமாட்டோம். சங்கு ஊதித்தான் அடுப்பு பற்றவைத்தார்கள், சங்கு ஊதித்தான் பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவிவிட்டார்கள். வீட்டில் கடிகாரம் இல்லை, தேவைப்படவும் இல்லை. நான் இப்போது இருக்கிற ஊரில் எல்லாரும் என்னை நேரம் தவறாதவன் என்கிறார்கள். அது அந்தச் சங்கு போட்ட பழக்கம். இதெல்லாம் மில் கொடுத்தது, மனசார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மில் வருவதற்கு ஏறக்குறைய 100 வருசத்துக்கு முன்பே, 1785-ல், காலமானவர் சிவஞான முனிவர். அவர் பிறந்தது விக்கிரமசிங்கபுரம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் திருவாவடுதுறைச் சைவ மடத்துத் துறவிகளைப் பார்த்து, வீட்டுக்கு அழைத்து வந்து சாப்பாடு போடச் சொன்ன சிறுவன், அவர்களோடேயே கிளம்பிப் போய்த் தமிழ்க் கடலானான். நமச்சிவாயக் கவிராயரும் நம்ம ஊர்தான். அவர் பாடிக்கொண்டே இரவில் வீட்டுக்கு நடக்க, பாபநாசம் கோயில் அம்மன் உலகம்மை பின்னாலேயே கேட்டுக்கொண்டு வந்தாள், அவர் துப்பிய வெற்றிலை எச்சில் அவள் சேலையில் தெறித்தது என்று ஆச்சிமார் சொல்வார்கள். அந்த உலகம்மை சந்நிதி முன்னால் உரலில் பெண்கள் விரலி மஞ்சள் இடிக்கிற சத்தமும் ஊர்ச் சத்தம்தானே? மில் சங்குக்கு மூத்த சத்தம்.

அணைக்கட்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் வெள்ளைக்காரர் காலத்தது. முதல் அணைக்கட்டு நம்ம பக்கத்தில். ஆற்றை வாய்க்காலில் திருப்பலாம் என்று ஹார்விகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, பார்த்தாலே தெரிந்திருக்கும்.

1944-ல் பாபநாசம் மின் நிலையம் வந்தபோது அதே வீழ்ச்சி கரண்டாகவும் மாறியது. அந்த விசையோடு விளையாடவும் முடியாது. 1925-ல் மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் பாய்ந்த வ.வே.சு. ஐயரைக் கல்யாண தீர்த்த அருவி திருப்பித் தரவில்லை. கல்யாண தீர்த்தத்தில் எங்களை இறங்கவிடாமல் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு அந்தக் கதைதான் காரணம்.

மலரில் ஒரு பக்கமாவது இதற்கும் ஒதுக்குங்கள்: கோயில் படித்துறையில் மீனுக்குப் பொரி போட்ட இடத்தில் இப்போது பரிகாரம் என்று விட்டுப்போன வேட்டியும் சேலையும் காலைச் சுற்றுகின்றன. போன முறை ஊருக்குப் போனபோது முங்கி எழுந்தேன், தோளில் யாருடைய சட்டையோ கிடந்தது. ஊருக்கு வருகிற உங்கள் உறவினர்களிடமாவது சொல்லிவையுங்கள், துணியை ஆற்றில் விடவேண்டாம். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, அட்டைக்கு வருவோம். மில் வாசல் படம் நம்மில் பலரிடம் இருக்கிறது. அது உள்ளே முதல் பக்கத்தில் வரட்டும், பெரிதாகவே வரட்டும். அட்டைக்கு எனக்கு வேண்டியது படித்துறைப் படம், துணி மிதக்காத காலத்துப் படம். சிப்ட் முடிந்து ஆட்கள் குளிக்கிற மாதிரி யாரிடமாவது இருந்தால் இன்னும் விசேஷம். ஆல்பத்திலிருந்து உரித்து எடுக்காமல், இருந்தபடியே வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்து அனுப்புங்கள். பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து.

அன்புடன்,
கீழத்தெருவிலிருந்து உங்கள் தம்பி